பதினோரு லிட்டர்

மூடியைத் திருகி விரலை விட்டேன்.
ஈரமில்லை. செங்கல் பொடி.
ஏழு குளிர்காலம் இந்த நிவா
பியூராக்னின் கோழிகளுக்குக் கூரையாக நின்றிருக்கிறது;
பம்பரில் எச்சம், ரேடியேட்டர் வலையில் இறகு.

அண்ணன் ஹ்ராயர் ரஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குப் போனபோது
சாவியை ஆணியில் மாட்டினான், தண்ணீரை வடித்தான்,
வடித்ததாக நினைத்தான்.
கூலன்ட் வாங்கக் கொடுத்த காசைச் சிகரெட்டாக்கியவன்.
ஊற்றுத்தண்ணீர் போதுமே என்பான்.
கெட்டிலின் அடியில் ஓடு கட்டும் ஊற்று அது.
மாலையில் வடித்து, காலையில் ஊற்றி,
மாட்டுக்குச் செய்வதுபோலச் செய்துவந்தான்.

எனக்கு வேறு வழியில்லை.
நவம்பரோடு மினிபஸ் நின்றுவிடும்.
அறுபது கிலோ சீஸ் தானாக நடந்து
கியும்ரிச் சந்தைக்குப் போகாது.

கடைக்காரன் ஒரு டின்னைக் காட்டினான், விலையும் சொன்னான்.
டின்னைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.
என் கொட்டகையில் தினமும் எண்பது லிட்டர்
புளித்த தெளிவு பன்றிக்குப் போகிறது:
பால் திரிந்து, சீஸ் ஒதுங்கி, மிஞ்சும்
பச்சையோடிய மஞ்சள் நீர்.
துருவேறிய வாளியில் ஓரிரவு விட்டால்
வாளி புதுசாகிவிடும்.
இரண்டாம் இரவும் விட்டால் வாளியே இருக்காது.
எனக்குத் தெரியும், இரண்டு வாளி போயிருக்கிறது.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றினேன்.
திறந்த வாயை மூட மறந்திருந்தது அது.
ஹோஸ்களைப் பிடுங்கி, கீழ்வாய் வழியாகத்
தலைகீழாய்த் தண்ணீர் அடித்தேன்.
முதலில் காபி. பிறகு மிளகாய்க் கரைசல்.
பிறகு, எப்படி உள்ளே போனதோ, ஒரு வண்டு.

அதன் பின் நான்கு மடிப்புத் துணியில் வடிகட்டிய தெளிவு,
பதினோரு லிட்டர், குமிழ் அடங்க அடங்க.
பியூராக்னின் டிராக்டர் பேட்டரி.
மூன்றாவது முயற்சியில் இருமிற்று, ஓடிற்று.
அஷோட்ஸ்க் சாலையில், பனிக்கு முந்தைய வெறும் புல்வெளியில்,
மேலும் கீழுமாக அறுபது கிலோமீட்டர்
புளிப்பை ஓட்டிக்கொண்டு திரிந்தேன்.

வடித்தபோது துரு
கட்டிகட்டியாக வந்தது, கறுப்பாக,
என் கைவேலைபோலவே திரண்டு.
மறுபடி ஊற்றினேன். மறுபடி.
மூன்றாம் நாள் வெந்நீர்
உள்ளே போன நிறத்திலேயே வெளியே வந்தது.

அந்த நிமிஷம்தான் சொட்டு.
எஞ்சின் பக்கவாட்டில், எக்ஸாஸ்ட்டுக்குக் கீழே,
தீப்பெட்டி அகலத்தில் ஒரு வட்ட மூடி.
ஸ்க்ரூடிரைவர் நுனியால் தொட்டேன்,
பிஸ்கட்போல உள்ளே போயிற்று.
இத்தனை வருஷமும் அந்த ஓட்டையைத்
துருதான் அடைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

போனில் ஹ்ராயர் சிரித்தான்.
"கிளறாதே என்று சொன்னேனா இல்லையா?
அழுக்குதானடி அதைக் கட்டிப் பிடித்திருந்தது."
நீ சொன்னது சரி என்றேன்.
அவன் அதை எதிர்பார்க்கவில்லை. கொஞ்ச நேரம்
கான்கிரீட் கலக்கும் சத்தம் மட்டும் கேட்டது.
"அப்போ என்ன செய்யப்போகிறாய்?"
மூடி நானூறு திராம், வாங்கிவிட்டேன்.
சுத்தியல் உன்னுடையது, இன்னும் இங்கேதான் இருக்கிறது.

சாக்கெட்டை நடுவில் வைத்து ஏழு அடி.
கோணலாக இறங்கிற்று. பிடுங்கினேன்.
இன்னொன்று, இன்னும் நானூறு.

புது தெர்மோஸ்டாட். நீலக் கூலன்ட், முழு விலை கொடுத்து.
கியும்ரி வரைக்கும் முழங்காலில் சூடான காற்று.
கம்பளி போர்த்தியே ஓட்டிய ஹ்ராயருக்கு
இதில் ஹீட்டர் உண்டென்றே தெரியாது.
எங்கோ சிந்தியிருக்கிறேன்;
காற்றோடு புளித்த பால் மணம்,
போகவே மாட்டேனென்கிறது.
வழியில் ஒரு போலீஸ்காரன் கையைக் காட்டினான்,
கண்ணாடியை இறக்கச் சொன்னான்,
குனிந்தான், முகர்ந்தான்,
பேப்பரைக் கேட்கவில்லை,
கிலோ என்ன விலை என்றான்.